சேலம் தொகுதியின் கணக்கும் நம் வீட்டுப் பெயர்களும்

(வரைவு வாக்காளர் பட்டியல் வெளியான பின் நடைபெற்ற நமது குடும்பக் கூட்டத்தில், நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

மருத்துவ உதவி, கல்வி உதவித்தொகை, விதவைகளுக்கான மாதாந்திர அரிசி என்று பேசும் மேடையில் இன்று தேர்தல் கணக்கைப் பேச வந்திருக்கிறோம். யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று சொல்லப் போகிறோமோ என்று யாரும் பதற வேண்டாம். அது அறக்கட்டளையின் வேலை அல்ல. வாக்களிக்க நமக்குப் பெயர் இருக்கிறதா என்பதுதான் இன்றைய பேச்சு. ஆனால் அதற்கு முன், நாம் எந்தத் தொகுதியில் இருக்கிறோம், அது இதுவரை எப்படி வாக்களித்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சேலம் மாவட்டத்தில் இருப்பவர்கள் எல்லாம் சேலம் நாடாளுமன்றத் தொகுதியில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மாவட்டத்தில் 11 சட்டமன்றத் தொகுதிகள். அவற்றில் ஓமலூர், எடப்பாடி, சேலம் மேற்கு, சேலம் வடக்கு, சேலம் தெற்கு, வீரபாண்டி ஆகிய ஆறு மட்டுமே சேலம் நாடாளுமன்றத் தொகுதிக்குள் வருகின்றன. ஆத்தூர், கெங்கவல்லி, ஏற்காடு கள்ளக்குறிச்சியோடு சேர்ந்தவை. மேட்டூர் தருமபுரியோடு. சங்ககிரி நாமக்கல்லோடு. அதேபோல் நாமக்கல் மாவட்டத்துக் குமாரபாளையம் ஈரோட்டோடு சேர்ந்தது. ஆத்தூரில் இருக்கும் நம் சம்பந்தி வீட்டார் ரயில் நிறுத்தம் கேட்டு மனு எழுதினால், அதை எடுத்துக்கொண்டு சேலம் எம்.பி. வீட்டு வாசலில் நிற்பதில் பயனில்லை.

இந்த எல்லைகள் 2009 தேர்தலிலிருந்து நடைமுறையில் உள்ளவை. அதற்கு முன் ராசிபுரம், திருச்செங்கோடு என்று தனித்தனி நாடாளுமன்றத் தொகுதிகள் இருந்தன. மறுவரையறையில் அவை இரண்டும் மறைந்து நாமக்கல் வந்தது. நாமக்கல் என்ற பெயர் புதிதல்ல. 1957இல் அந்தப் பெயரில் இருந்த தொகுதியிலிருந்துதான் ஈ.வெ.கி. சம்பத், தி.மு.க.வின் முதல் இரண்டு எம்.பி.க்களில் ஒருவராக டெல்லி போனார்.

மக்கள்தொகைக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் 34,82,056 பேர். 1997இல் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டத்தில் 17,26,601 பேர். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. அதனால் இன்றும் எல்லோரும் பழைய எண்களைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். தமிழ்நாட்டில் முஸ்லிம்கள் 5.86 சதவீதம். நம் இரண்டு மாவட்டங்களிலும் இந்த மாநில சராசரியைவிடக் குறைவு. வாணியம்பாடி, ஆம்பூர் போலவோ, ராமநாதபுரம் கடற்கரை ஊர்கள் போலவோ நாம் திரண்டு வாழும் பகுதி இது அல்ல. நகரத்தில் சில மஹல்லாக்கள், சந்தை ஊர்களில் சில தெருக்கள், அவ்வளவே.

இனி வாக்கு வரலாறு. 1952 முதல் 2024 வரை சேலம் தொகுதி 18 பொதுத் தேர்தல்களைச் சந்தித்திருக்கிறது. காங்கிரஸ் 7 முறை, தி.மு.க. 5 முறை, அ.தி.மு.க. 4 முறை. 1996இல் தமிழ் மாநில காங்கிரசின் தேவதாஸ். 1998இல் தனிக்கட்சி கண்டு நின்ற வாழப்பாடி ராமமூர்த்தி, வென்று பெட்ரோலியத் துறை அமைச்சரும் ஆனார். முதல் மூன்று தேர்தல்களிலும் எஸ்.வி. ராமசாமி. 1967இல் தி.மு.க. அலையில் க. இராசாராம் வந்தார். 1984, 1989, 1991 மூன்றிலும் ரங்கராஜன் குமாரமங்கலம்.

அதன் பிறகு ஒரு விசித்திரம். 1996 தொடங்கி எட்டுத் தேர்தல்கள் நடந்துவிட்டன. ஒருவர்கூட அடுத்தடுத்து இரண்டு முறை வென்றதில்லை. 1999இல் அ.தி.மு.க. வேட்பாளராக வென்ற டி.எம். செல்வகணபதிதான் 25 ஆண்டுகள் கழித்து 2024இல் தி.மு.க. வேட்பாளராக மறுபடி வென்றார். இது யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்த தொகுதி அல்ல என்பது எங்கள் கருத்து. 2014இல் அ.தி.மு.க. 2,67,610 வாக்கு வித்தியாசத்தில் வென்றது. ஐந்தே ஆண்டில் தி.மு.க. 1,46,926 வாக்கு வித்தியாசத்தில் வென்றது. 2024இல் அந்த வித்தியாசம் 70,357 ஆகக் குறைந்தது.

இந்த 18 தேர்தல்களில் 13 பேர் வென்றிருக்கிறார்கள். அதில் ஒரு முஸ்லிம் பெயர் இல்லை. ஒரு பெண்ணின் பெயரும் இல்லை. (பக்கத்து ராசிபுரம் வி. சரோஜாவையும் கே. ராணியையும் அனுப்பியது.)

'நம்மவர் வராத இடத்தில் நமக்கு என்ன வேலை' என்று இளைஞர்கள் கேட்பது காதில் விழுகிறது. பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். வெள்ளையர் ஆட்சியில் 1909 முதல் முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதி முறை இருந்தது. முஸ்லிம் வேட்பாளருக்கு முஸ்லிம்கள் மட்டும் வாக்களிப்பார்கள். ஆனால் அந்த வாக்கு சொத்தும் வரியும் படிப்பும் உள்ளவர்களுக்குத்தான். நம் பாட்டனார்களில் தறி ஓட்டியவரும் வண்டி ஓட்டியவரும் அதில் சேர்த்தி இல்லை; பாட்டிமார்களைக் கேட்கவே வேண்டாம். விடுதலைக்குப் பின் காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப் அரசியல் நிர்ணய சபையில் தனித் தொகுதி முறை நீடிக்க வேண்டும் என்று வாதாடினார். சபை ஏற்கவில்லை. தோற்ற பிறகு அவர் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. பொதுத் தொகுதியில் நின்று, எல்லாச் சமூகத்தாரிடமும் வாக்குக் கேட்டு நாடாளுமன்றம் போனார். தனித் தொகுதி போயிற்று. ஆனால் வயது வந்த ஒவ்வோர் ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்கு வந்தது. இரண்டையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

அந்த ஒரு வாக்கின் எடை என்ன? நாமக்கல்லைப் பாருங்கள். 2024இல் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சியின் மாதேஸ்வரன் வென்றது 29,112 வாக்கு வித்தியாசத்தில். வாக்காளர்களோ 14 லட்சத்துக்கு மேல். ஆயிரம் பேருக்கு ஒரு வாக்குச்சாவடி என்று வைத்தால், ஒரு சாவடிக்கு வித்தியாசம் சுமார் 20 வாக்கு. பத்துப் பேர் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்திருந்தால் முடிவு மாறியிருக்கும். ஒரு சாவடியில் பத்து வாக்கு என்பது நம் தெருவில் இரண்டு வீடு. லாரி எடுத்துக்கொண்டு வடக்கே போய், தேர்தல் நாளில் நாக்பூரில் நின்ற டிரைவர்கள் எத்தனை பேர் என்று அவரவர் வீட்டில் எண்ணிப் பாருங்கள்.

நாடாளுமன்றத்தை விடுங்கள். சேலம் மாநகராட்சியில் 60 வார்டுகள். 2011 கணக்குப்படி சுமார் 8.3 லட்சம் மக்கள். ஒரு வார்டுக்குச் சராசரி 14 ஆயிரம் பேர்கூட இல்லை. அதில் வாக்களிப்பவர்கள் இன்னும் குறைவு. சாக்கடை, குடிநீர், மையவாடிக்குப் போகும் பாதை, தெருவிளக்கு எல்லாம் அங்கேதான் முடிவாகின்றன. மாவட்டத்தில் சிறுபான்மையாக இருக்கும் நாம், சில வார்டுகளில் யாரும் கேட்காமல் கடந்து போக முடியாத எண்ணிக்கையில் இருக்கிறோம். பட்டியலில் பெயர் இருந்தால்.

இப்போது விஷயத்துக்கு வந்துவிட்டோம். 2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. டிசம்பர் 19இல் வரைவுப் பட்டியல் வெளியானது. 6.41 கோடியாக இருந்த வாக்காளர்கள் 5.43 கோடி ஆனார்கள். சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள் சுமார் 27 லட்சம், இரட்டைப் பதிவு 3 லட்சத்துக்கு மேல். மீதி சுமார் 66 லட்சம் பேர் இடம் மாறியவர்கள் அல்லது வீட்டில் காணப்படாதவர்கள். இறந்தவர் பெயரை நீக்குவது சரியே. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நமக்குக் கவலை அந்த 66 லட்சம்தான். வாடகை வீடு மாறுகிறவர்கள், வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள், பகலில் கதவு பூட்டியிருக்கும் வீட்டுக்காரர்கள் நம்மில் அதிகம்.

பெயர் எழுத்தும் ஒரு தொல்லை. வீட்டில் உருது பேசுகிறோம், பட்டியல் தமிழில் வருகிறது. ஒரே மனிதர் ஆதாரில் முஹம்மது, ரேஷன் கார்டில் முகமது, பழைய பட்டியலில் மொகமத். தகப்பனார் பெயரில் ஓரிடத்தில் ஷேக் இருக்கும், இன்னோரிடத்தில் இருக்காது. 2002, 2005 பட்டியல்களோடு ஒப்பிடும்போது இந்த வேறுபாடுகள் கேள்வியாக நிற்கின்றன. நிகாஹ் முடிந்து வேறு ஊர் போன பெண்மக்கள் நிலை இன்னும் சிக்கல். பிறந்த வீட்டுப் பட்டியலில் நீக்கியிருப்பார்கள், புகுந்த வீட்டில் யாரும் சேர்த்திருக்க மாட்டார்கள். மாமியார்மார்கள் இதில் சற்று அக்கறை காட்ட வேண்டும்.

பெயர் இல்லாதவர்களும் 18 வயது நிறைந்தவர்களும் படிவம் 6 உறுதிமொழிப் பத்திரத்துடன் கொடுக்க வேண்டும். எழுத்துப் பிழை, முகவரி மாற்றம் எல்லாம் படிவம் 8. வேறொருவர் பெயரை ஆட்சேபிக்க, நீக்கக் கோரப் படிவம் 7. உங்கள் பெயருக்கு எதிராக யாராவது அதைக் கொடுத்து நோட்டீஸ் வந்தால் பயந்து கிழித்துப் போடாதீர்கள்; குறித்த நாளில் ஆவணங்களோடு போய் நில்லுங்கள். வாக்காளர் அட்டை கையில் இருக்கிறதே என்று சும்மா இருக்க வேண்டாம். அட்டை இருந்தும் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் வாக்களிக்க முடியாது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேறு, வாக்காளர் பட்டியல் வேறு. 2027 கணக்கெடுப்புக்காக வரும் ஊழியரிடம் விவரம் சொல்லிவிட்டால் வாக்கு வந்துவிடாது. இரண்டுக்கும் தனித்தனியே பதில் சொல்ல வேண்டும். இரண்டிலும் குடும்பத்தார் எண்ணிக்கையைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

இந்த வாரம் முழுவதும் இஷாவுக்குப் பிறகு நம் அலுவலகத்தில் இளைஞர்கள் வரைவுப் பட்டியலோடு உட்கார்ந்திருப்பார்கள். பெண்களுக்கு ஞாயிறு காலை தனியாக ஏற்பாடு உண்டு. ஆதார் அட்டை, பழைய வாக்காளர் அட்டை, தகப்பனார் அல்லது தாயார் பெயர் இருக்கும் பழைய பட்டியல் விவரம் கிடைத்தால் அது, இவற்றை எடுத்து வாருங்கள். நடக்க முடியாத முதியவர்கள் வீட்டு முகவரியை வாசலில் இருக்கும் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள், நாங்களே வருகிறோம்.