பங்குக் கணக்கில் எழும் எச்சரிக்கைகள்

(கூடலூர் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நெல்லும் திராட்சையும் ஏலமும் தந்த பணத்தை நிலத்திலும் நகையிலும் மாத்திரமே சேமித்த காலம் போயிற்று. இன்று நம்மவர் வீடுகளில் கம்பெனிப் பங்குகளும் பரஸ்பர நிதிகளும் புகுந்துவிட்டன. அவற்றின் கணக்கைக் கைப்பேசியிலோ கணினியிலோ மென்பொருள் கொண்டு வைத்து வருகிறோம். அம்மென்பொருள் சில வேளைகளில், விற்ற எண்ணிக்கை கையிருப்பை மிஞ்சுகிறதென்றும், வாங்கிய விலை காணவில்லையென்றும் எச்சரிக்கிறது. அதுகண்டு திகைப்போர் சிலர், புறக்கணிப்போர் சிலர், எச்சரிக்கை மறையும்பொருட்டுப் பொய்ப் பதிவொன்றை எழுதி வைப்போர் சிலர். இம்மூன்றும் தகாதவை.

முதற்கண் எச்சரிக்கையின் இயல்பை அறிவோமாக. மென்பொருளுக்கு நம் பங்குகள் தெரியா. நாம் கொடுத்த பதிவுகளே தெரியும். ஏலத்தோட்டமுடையோர் இதை எளிதில் உணர்வர். பச்சை ஏலக்காய் ஏறத்தாழ 5 கிலோ உலர்ந்தால் 1 கிலோ ஆகும். உலர்த்தியதை எழுதாத கணக்கில் 4 கிலோ களவு போனதாகவே தோன்றும். உண்மையில் களவு இல்லை, மாற்றமே நிகழ்ந்தது.

பங்குகளிலும் அவ்விதமே. 2023 ஜூலையில் எச்.டி.எப்.சி. நிறுவனம் எச்.டி.எப்.சி. வங்கியோடு இணைந்தது, பழைய பங்கு 25-க்கு வங்கிப் பங்கு 42 வழங்கப்பட்டது. இம்மாற்றம் பதிவாகாத கணக்கில் பழைய பங்குகள் கிடந்தபடியே கிடக்கும். வங்கிப் பங்கை விற்றாலோ வாங்காததை விற்றதாக எச்சரிக்கை எழும்.

மற்றோர் உதாரணம். 2024 ஜனவரியில் ஒருவர் ரிலையன்ஸ் பங்கு 40 வாங்கினார் என்று கொள்வோம். அவ்வாண்டு அக்டோபரில் அக்கம்பெனி ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது. பங்குகள் 80 ஆயின. பின்பு 60 விற்றார். போனஸை அறியாத மென்பொருள் 20 மிகையென்கிறது. உடனே அவர் அன்றைய விலைக்கு 20 வாங்கியதாக எழுதுகிறார். எச்சரிக்கை மறைகிறது, ஆனால் இரு கேடுகள் விளைகின்றன. முதலில் வந்த பங்கே முதலில் விற்றதாகவும், போனஸ் பங்கின் அடக்கவிலை பூஜ்யமாகவும் கொள்வது வரி விதி. ஆதலால் அந்த 20 பங்கின் லாபம் வரிக் கணக்கினின்று மறைகிறது. அன்றியும், ஏட்டில் இருப்பு ஒன்றுமில்லையென்று காட்ட, டீமேட் கணக்கிலோ 20 பங்குகள் எஞ்சியிருக்கின்றன. குடும்பத் தலைவர் காலஞ்சென்றால், அந்த ஏட்டை நம்பும் மனைவி மக்கள் அவற்றை எங்ஙனம் அறிவர்?

சிறு வித்தியாசங்களுக்கும் காரணமுண்டு. 2020 ஜூலை 1 முதல் பரஸ்பர நிதி வாங்குகையில் 0.005 சதவீதம் முத்திரை வரி கழிக்கப்படுகிறது. ரூ. 10,000 செலுத்தினால் 50 காசு குறையும். அலகு விலை ரூ. 50 ஆயின் 200 அலகுக்குப் பதில் 199.99 அலகே வரும். இன்னும், வாங்கிய நாளை விடுத்துப் பங்கு வரவான மறுநாளை எழுதினால், வாங்குமுன் விற்றதாகவும் தோன்றக்கூடும்.

ஆகவே செய்யத்தக்கது யாதெனில், எச்சரிக்கை எந்தப் பங்கு, எந்தத் தேதி, எத்தனை என்கிறதென முதலில் குறித்துக்கொள்க. என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். ஆகிய வைப்பகங்கள் அனுப்பும் ஒருங்கிணைந்த கணக்கறிக்கையோடு ஒப்பிடுக. பரிவர்த்தனை நடந்த மாதத்துக்கு அது வரும். நடவாவிடில் ஆறு மாதத்துக்கொருமுறை வரும். இருப்புக்கு அதுவே ஆதாரம். விலைக்கும் தேதிக்கும் தரகர் தந்த ஒப்பந்தச் சீட்டைப் பார்க்க. இணைப்பு, பிரிவு, போனஸ், வேறு தரகரிடமிருந்து மாற்றல் ஆகியவற்றுள் எது விடுபட்டதோ அதை அதன் பெயராலேயே பதிக.

அறிக்கையிலேயே நாம் செய்யாத விற்பனை காணப்படின், அது ஏட்டுப் பிழையன்று. அன்றே தரகருக்கும் வைப்பகத்துக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க. தீராவிடில் செபியின் ஸ்கோர்ஸ் முறையில் புகார் செய்க. எச்சரிக்கையென்று வந்து ரகசிய எண் கேட்கும் குறுஞ்செய்திக்கு மாத்திரம் மறுமொழி கூறற்க.

கற்ற இளைஞர்கள் தத்தம் வீட்டுப் பெரியோர் கணக்கை ஆண்டுக்கொருமுறையேனும் இவ்விதம் சரிபார்த்து, இல்லத்துப் பெண்மக்களுக்கும் விளக்கி வைப்பார்களாக. பாடுபட்டுத் தேடிய பொருள் ஏட்டுக் குழப்பத்தால் மறைந்துபோகாமற் காப்பது நம் அனைவருடைய கடமை.