நசுங்கிய விரலும் இரும்புச் சங்கீதமும்

(ஒரகடத்தில் நமது பத்திரிகைக்கு எழுதும் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



இரவு ஷிப்ட் முடிந்து தூங்காமல் வந்திருக்கிறீர்கள். வல்லக்கோட்டைப் பக்கத்திலிருந்து நடவு வேலையை விட்டுத் தாய்மார்களும் வந்திருக்கிறார்கள். இவர்கள் முன்னால் இங்கிலீஷ்காரன் சங்கீதத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் முணுமுணுப்பது நமக்குக் கேட்கிறது. நமக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

சென்ற மழைக்காலத்தில் மாத்தூரில் ஓர் அறைக்குப் போயிருந்தோம். எட்டுப் பேர் தங்கும் அறை. அதில் ஒரு பையன், ஐ.டி.ஐ. படித்தவன், காண்ட்ராக்ட் தொழிலாளி. பவர் பிரஸ்ஸில் வலது கை நடுவிரலின் நுனி போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. நஷ்டஈட்டு மனுவில் கையெழுத்து வாங்கப் போனோம். அவன் காதில் மாட்டியிருந்த கருவியிலிருந்து ஒரு சத்தம் கசிந்தது. "என்னப்பா இது, தகரக் கொட்டகை சரிந்த மாதிரி?" என்று கடிந்துகொண்டோம். அவன் கோபப்படவில்லை. "அண்ணே, இதை வாசிக்கிறவருக்கும் பிரஸ்ஸில்தான் விரல் போச்சு" என்றான்.

நாம் உட்கார்ந்துவிட்டோம். அன்று அவன் சொன்னதையும், பிறகு நாம் படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறோம்.

இங்கிலாந்தில் பர்மிங்காம் என்றொரு நகரம். நம் ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை மாதிரி காரும் உதிரிபாகமும் செய்து வளர்ந்த ஊர். அங்கே டோனி அயோமி என்ற 17 வயதுப் பையன் 1965இல் தகடு ஆலையில் வெல்டிங் செய்துகொண்டிருந்தான். கிதார் வாசிப்பதில் மோகம். வாத்தியக் கோஷ்டி ஒன்றில் இடம் கிடைத்து, வேலையை விட்டுவிட்டான். கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவனுக்குத் திரும்பிப் போக மனமில்லை. வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று தாய் அனுப்பினாள். அன்று பிரஸ் ஓட்டும் ஆள் வரவில்லை. பழக்கமில்லாத இவனை அதில் நிறுத்தினார்கள். வலது கை நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயின. அவனோ இடது கை வாசிப்புக்காரன். தந்தியை அழுத்த வேண்டிய கையே வலது கைதான்!

நம் நாட்டு 1923ஆம் வருஷத்து நஷ்டஈட்டுச் சட்டம் விரலுக்கு அட்டவணை போட்டது. நடுவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 12 சதவீத நஷ்டம். மோதிர விரலுக்கு 7. எலும்பு போகாமல் நடுவிரல் நுனி மட்டும் போனால் 4. அயோமிக்குப் போனதை எந்த அட்டவணையில் தேடுவது?

ஆலை மானேஜர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்பவர் வாசித்தது. நாடோடிக் கூட்டத்தில் பிறந்தவர். 1928இல் வண்டி தீப்பற்றி இடது கையில் இரண்டு விரல் முடங்கியவர். மிச்ச விரல்களால் வாசித்துப் பேரெடுத்தவர். அதைக் கேட்ட அயோமி, பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரலுக்குத் தொப்பி செய்து, தோல் ஒட்டி மாட்டிக்கொண்டான். தந்தி கடினமாக இருந்தது. மெல்லிய தந்தி போட்டான். பின்னாளில் முறுக்கையும் தளர்த்தினான். தளர்த்தினால் சுருதி இறங்கும். பறையைத் தீயில் காய்ச்சினால் கணீரென்று ஏறுகிறது, ஈரத்தில் தொய்ந்தால் தொம்மென்று இறங்குகிறது அல்லவா? அதே சங்கதிதான்.

1968இல் ஆஸ்டன் என்ற தொழிலாளர் பேட்டையில் நான்கு பேர் கூடினார்கள். பாடியவர் ஆஸி ஆஸ்பர்ன். ஆடுமாடு வெட்டும் கொட்டடியிலும், கார் ஹாரன் சோதிக்கும் ஆலையிலும் வேலை பார்த்தவர். 'பிளாக் சபாத்' என்று பெயர். 1970 பிப்ரவரியில் முதல் இசைத்தட்டு. விமர்சகர்கள் பரிகசித்தார்கள்; தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் வாங்கினார்கள். அதைத்தான் 'ஹெவி மெட்டல்' என்கிறார்கள். அதே வட்டாரத்து 'ஜூடாஸ் பிரீஸ்ட்' கோஷ்டி, எஃகுத் தொழிலாளர் மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்த 1980ஆம் ஆண்டில், தன் இசைத்தட்டுக்குப் 'பிரிட்டிஷ் ஸ்டீல்' என்றே பெயர் வைத்தது. 2025 ஜூலை 5ஆம் தேதி பிளாக் சபாத் நால்வரும் அதே ஆஸ்டனில் கடைசியாக மேடை ஏறினார்கள். 22ஆம் தேதி ஆஸி காலமானார்.

இனி எழுதும் விஷயம். சென்ற மாதம் ஓர் இளந்தோழர் கட்டுரை கொண்டுவந்தார். முதல் பாராவிலேயே டெத் மெட்டல், டூம் மெட்டல், திராஷ் மெட்டல் என்று பதினோரு மெட்டல்! கூலிக்காரன் எந்தக் கடையில் போய் அர்த்தம் கேட்பான்? திருப்பிக் கொடுத்தோம். வகையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், கையிலிருந்து ஆரம்பியுங்கள். கரகரப்பை விளக்க வேண்டுமா? கோயில் திருவிழாவில் மைக்செட்காரர் தாங்காத அளவுக்குக் கூட்டி வைத்தால் குழாய் பிளிறுகிறதே, அதை வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று எழுதுங்கள்.

'அண்டர்கிரவுண்ட்' என்ற சொல்லும் இப்படித்தான். நம் பழைய தோழர்களுக்குத் தலைமறைவு என்றால் போலீஸ் தேடுவது. இவர்களுக்கோ, ரேடியோவும் கம்பெனியும் தேடாதது! 1980களில் உலகமெங்கும் பிள்ளைகள் கேசட்டில் பிரதி எடுத்துத் தபாலில் அனுப்பியே இதைப் பரப்பினார்கள். நமக்குத் தூரமான சமாசாரமும் அல்ல. கானாவைச் சாவு வீட்டுப் பாட்டு என்று மூக்கைப் பிடித்தவர்கள் எத்தனை பேர்? 2018 ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கோஷ்டி கானாவையும் ராக்கையும் சேர்த்து மேடையேற்றிய பிறகு அவர்களிலும் சிலர் எழுத வந்தார்கள்.

கெட்டதையும் மறைக்காதீர்கள். 1990களின் தொடக்கத்தில் நார்வேயில் இந்த வகைக்காரர் சிலர் மாதா கோயில்களைக் கொளுத்தினார்கள். மண்டையோடும் பேயுமாகவே பாடிக் காசு பார்ப்பவர்களும் உண்டு. அதையும் எழுதுங்கள்.

ஆனால் ஒன்று எழுதாதீர்கள். "விரல் போனதால்தானே இந்தப் புகழ்" என்று எழுதாதீர்கள்! அந்தப் பத்திரிகையை முதலில் கத்தரித்துச் சுவரில் ஒட்டுபவர் ஷாப்பில் நிற்கும் சூப்பர்வைசராக இருப்பார். பிரஸ் சங்கீதத்தைக் கொடுக்கவில்லை. இரண்டு விரலைத்தான் எடுத்தது. மிச்சத்தைச் செய்தது அவன் கை. மாத்தூர்ப் பையன் நின்ற பிரஸ்ஸில் இரண்டு கையாலும் பட்டன் அமுக்கினால்தான் இறங்க வேண்டும். ஒரு பட்டனைக் கட்டிவிட்டிருந்தார்கள், உற்பத்தி ஏறட்டும் என்று. இந்தச் செய்தி உங்கள் கட்டுரையில் வராவிட்டால் கட்டுரை எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை எழுதிக் கொண்டுவாருங்கள். இந்தத் தாய்மார்கள் முன்னால் உரக்கப் படிப்போம். "அப்புறம் அந்தப் பிள்ளை விரலுக்கு என்ன ஆச்சு?" என்று யாராவது கேட்டால் அச்சுக்குப் போகும். கேட்காவிட்டால் திரும்ப எழுதுங்கள். மாத்தூர்ப் பையனும் எழுதுகிறேன் என்றிருக்கிறான். பேனா பிடிக்க இன்னும் சிரமப்படுகிறான். அவன் சொல்லச் சொல்ல யாராவது எழுதிக்கொடுங்கள்.