சாட்சி சொல்லத்தான் எழுதுகிறேன்

(உடன்குடியில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



‘நீங்க எதுக்கு எழுதுறீங்க?’ன்னு கேட்டுத்தான் கூப்பிட்டிருக்கீங்க. ஆத்ம திருப்திக்கு எழுதுகிறேன், அழகுக்கு எழுதுகிறேன் என்று சொல்ல நிறைய இலக்கியவாதிகள் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நான் சாட்சி சொல்லத்தான் எழுதுகிறேன்.

1995 ஆகஸ்ட் 31. இதே மாவட்டம், கொடியன்குளம். பட்டப்பகலில் நூற்றுக்கணக்கான போலீஸ் ஊருக்குள் புகுந்தது. வீட்டுச் சாமான்களை உடைத்தார்கள். பாஸ்போர்ட்டையும் பிள்ளைகளின் படிப்புச் சான்றிதழ்களையும்கூட விடவில்லை. டி.வி.யை உடைச்சது ஆத்திரம்னே வச்சுக்குவோம். காகிதம் என்ன பாவம் பண்ணுச்சு? தலித் கையில் காகிதம் இருந்தால் அவன் ஊரை விட்டுப் போயிருவான், கும்பிடு போட மாட்டான். அது அவங்களுக்கு நல்லாத் தெரியுது. நமக்குத்தான் இன்னும் முழுசாத் தெரியலை.

நமக்கு ஒரு கொடுமை நடந்தால் அதை யார் எழுதுகிறார்கள்? முதல் தகவல் அறிக்கையை ஏட்டய்யா எழுதுகிறார். ‘இரு பிரிவினர் மோதல்’ என்று பத்திரிகைக்காரர் எழுதுகிறார். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரை உயிரோடு கொளுத்தினார்கள். பின்னால் உயர்நீதிமன்றம் பண்ணையாரை விடுதலை செய்ததே, அந்தத் தீர்ப்பும் எழுத்துதான். எழுத்து சும்மா கிடப்பதில்லை. யாருக்காவது வேலை செய்துகொண்டேதான் இருக்கிறது.

எங்க ஆச்சி கருப்பட்டி காய்ச்சுற விளைகளுக்கு விறகு சுமந்தவ. கடைப் பற்று நோட்டில் அவ பேரு கிடையாது. சாதிப் பேரும், பக்கத்துல பாக்கித் தொகையும்தான். 2023இல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோசம். கருப்பட்டிக்குப் பேர் பதிஞ்சாச்சு, விறகு சுமந்தவளுக்கு எங்க பதியுறது? அதுக்குத்தான் எனக்கு நோட்டு வேணும்.

நாம இப்பத்தான் எழுத வந்தோம் என்பது பொய். இரட்டைமலை சீனிவாசன் 1893இலேயே ‘பறையன்’ பத்திரிகை நடத்தினார். அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். அவர் எழுத்துகள் இங்க பக்கத்தில் பாளையங்கோட்டையிலிருந்து 1999இல்தான் ஞான. அலாய்சியஸ் தொகுப்பாக வந்தன. நடுவே தொண்ணூறு வருசம் யார் கண்ணை மறைத்தது? எழுதினால் மட்டும் போதாது. எழுதியதைப் பத்திரப்படுத்துவதும் போராட்டம்தான்.

சில தோழர்கள் கேட்கிறார்கள்: ‘நம்ம குறைய நாமே எழுதலாமா? எதிரி எடுத்துக்க மாட்டானா?’ நியாயமான பயம். 1989இல் சிவகாமி ‘பழையன கழிதலும்’ நாவலில் ஒரு தலித் தலைவர் தன் வீட்டுப் பெண்களை நடத்தும் லட்சணத்தை எழுதினார். நம்ம ஆட்களிலேயே பலருக்குக் கசந்தது. 1992இல் பாமா தன் நூலுக்குக் ‘கருக்கு’ என்று பேர் வைத்தார். பனங்காட்டுப் பிள்ளைகளுக்கு அர்த்தம் சொல்ல வேண்டாம். மட்டையில் இரண்டு பக்கமும் கருக்கு உண்டு. ஒரு பக்கம் ஆதிக்க சாதியை அறுத்தால் மறுபக்கம் நம் வீட்டு ஆம்பளைத் திமிரை அறுக்கணும். ஒரு பக்கத்தைச் சீவிட்டுப் பேசுறவன் சாட்சி இல்லை, வக்கீல். அடிபட்ட பெண்ணை ‘இயக்கத்துக்காகச் சும்மா இரு’ன்னு சொன்னால், ஊர்ப் பஞ்சாயத்து நம்மைச் சும்மா இருக்கச் சொன்னதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். இன்னைக்கு ராத்திரி வீட்டுல கிழவிகிட்ட உட்காருங்க. அவ பேரு, அவ அம்மா பேரு, செஞ்ச வேலை, வாங்கின கூலி, பட்ட அடி எல்லாத்தையும் கேளுங்க. அவ சொன்ன மொழியிலேயே எழுதுங்க. கொச்சைன்னு எவனாவது சொன்னா, சொல்லிட்டுப் போகட்டும். தேதி போடுங்க. ரெண்டு பிரதி எடுங்க. ஒண்ணைக் கிழிச்சாலும் இன்னொண்ணு இருக்கணும்.

ஜெய்பீம்.