கடல் தொட்டிக்குக் கால்சியம்: இரண்டு பக்கமும் டேலி ஆக வேண்டும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நன்னீர் மீன் வளர்த்துப் பழகிய பிள்ளைகள் நம் குடியிருப்பில் இரண்டொரு வீடுகளில் கடல்நீர்த் தொட்டிக்குப் போயிருக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் கடையில் கொடுத்த கால்சியம் பாட்டிலை "வாரத்துக்கு இரண்டு மூடி" என்று ஊற்றுகிறார்கள். எதற்கு, எவ்வளவு என்று கேட்டால் பதில் வருவதில்லை. அதனால்தான் இதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் விஞ்ஞானி இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் லெட்ஜர் எழுதியவன். இந்த விஷயத்தில் பாதிக்கு மேல் கணக்குதான் என்பதால் ஒப்புக்கொண்டேன்.

கடலில் கால்சியம் எப்படி வந்தது? நம் ஊரிலேயே பார்க்கலாம். கல்வராயன் மலையில் பெய்யும் மழை பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு கோமுகியிலும் மணிமுக்தாவிலும் இறங்குகிறது. அது வெள்ளாற்றோடு சேர்ந்து பரங்கிப்பேட்டை அருகே வங்கக் கடலில் கலக்கிறது. உலகத்து ஆறுகள் எல்லாம் இப்படித்தான் கடலுக்கு வரவு வைக்கின்றன. பவளம், சிப்பி, நத்தை இவையெல்லாம் அதிலிருந்து எடுத்து ஓடு கட்டிக்கொள்கின்றன. வீட்டுத் தொட்டிக்கு ஆறு கிடையாது. எடுப்பு மட்டும் நடக்கும். வரவு வைக்க வேண்டியவர் நீங்கள்.

முதல் கேள்வி, உங்கள் தொட்டியில் எடுப்பவர் யார்? மீன் மட்டும் இருந்தால் கால்சியம் ஊற்றவே தேவையில்லை. மாதா மாதம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். கண்ணாடியிலும் கல்லிலும் இளஞ்சிவப்பாகப் படரும் சுண்ணாம்புப் பாசி, நத்தை, பவளம் இருந்தால்தான் எடுப்பு கணிசமாக இருக்கும்.

பவளம் என்றதும் சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 2001-ஆம் ஆண்டு முதல் கல் பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், தீப்பவளம், கடல் விசிறி ஆகியவையும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதேதான். குற்றம் நிரூபணமானால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. செத்த பவளத் துண்டுக்கும் இது பொருந்தும். ராமேசுவரம் போனவர்கள் கரையில் கிடந்ததென்று எடுத்து வந்து தொட்டியில் போடக்கூடாது. "வெளிநாட்டுச் சரக்கு" என்று கடைக்காரர் சொன்னால் இறக்குமதி ஆவணத்தைக் காட்டச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் வாங்குவதற்கு முன்பே வனத்துறையில் கேளுங்கள்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. மன்னார் வளைகுடாவில் பல காலம் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப் பாறையை வெட்டி எடுத்தார்கள். தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே இருந்த 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் மூழ்கிவிட்டன. அலையைத் தடுக்கும் பாறை போனால் தீவும் கரையும். அங்கே 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. பவளம் மில்லிமீட்டர் கணக்கில் சேர்த்ததை நாம் லாரிக் கணக்கில் செலவழித்தோம்.

இனி கணக்கு. பவளமும் சுண்ணாம்புப் பாசியும் கட்டுவது கால்சியம் கார்பனேட். ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே பொருள்தான். அதற்கு இரண்டு சரக்கு வேண்டும். ஒன்று கால்சியம், இன்னொன்று கார்பனேட் பக்கம். இரண்டாவதைக் காரத்தன்மை என்று அளக்கிறோம். கிட்டில் அதன் அலகு டி.கே.எச். இதுவும் பி.எச்.சும் வேறு வேறு. ஒவ்வொரு 20 பி.பி.எம். கால்சியத்துக்கும் 2.8 டி.கே.எச். காரத்தன்மை செலவாகும். ஒரு பக்கம் டெபிட் விழுந்தால் மறுபக்கமும் அதே விகிதத்தில் விழும். கால்சியம் பாட்டிலை மட்டும் ஊற்றுவது ஒரு பக்கம் மட்டும் என்ட்ரி போடுவது போன்றது.

இருப்பையும் பாருங்கள். கடல்நீரில் கால்சியம் சுமார் 420 பி.பி.எம்., காரத்தன்மை சுமார் 7 டி.கே.எச்., மக்னீசியம் சுமார் 1,300 பி.பி.எம். கால்சியம் பெரிய டெபாசிட், காரத்தன்மை சிறிய சேமிப்புக் கணக்கு. இரண்டிலும் ஒரே நேரத்தில் எடுத்தால் சிறியதுதான் முதலில் காலியாகும். அதனால் அடிக்கடி அளக்க வேண்டியது காரத்தன்மையை. கால்சியத்தை வாரம் ஒருமுறை அளந்தால் போதும்.

எவ்வளவு ஊற்றுவது? மூன்று நாள் எதுவும் ஊற்றாமல், தினமும் ஒரே நேரத்தில் காரத்தன்மையை அளந்து எழுதுங்கள். 8.4 இருந்தது 7.0 ஆனால், மூன்று நாள் செலவு 1.4. உங்கள் தொட்டியின் செலவு அதுதான். பக்கத்து வீட்டுத் தொட்டியின் அளவு உங்களுக்கு உதவாது.

வீட்டிலேயே கலக்க விரும்புபவர்களுக்கு எளிய அளவு சொல்கிறேன். முதல் பாட்டிலில் ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீருக்கு 73.5 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட். நீர் நீக்கிய வகை என்றால் 55.5 கிராம் போதும், கரையும்போது நன்றாகச் சூடாகும். தண்ணீரில்தான் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். இரண்டாவது பாட்டிலில் ஒரு லிட்டருக்கு 84 கிராம் சமையல் சோடா, அதாவது ஆப்பத்துக்குப் போடுவது. கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடர் ஆகாது, அதில் புளிப்புப் பொருளும் மாவும் சேர்ந்திருக்கும். அலமாரியில் ஈரம் உறிஞ்ச வைக்கும் டப்பாவிலிருந்தும் எடுக்காதீர்கள், வாசனைப் பொருள் கலந்திருக்கலாம்.

100 லிட்டர் தொட்டியில் இரண்டிலும் 100 மில்லி ஊற்றினால் கால்சியம் 20 பி.பி.எம்., காரத்தன்மை 2.8 டி.கே.எச். ஏறும். மேலே சொன்ன தொட்டிக்கு மூன்று நாள் செலவு 1.4. ஆகவே இரண்டிலும் 50 மில்லி, நாளொன்றுக்கு சுமார் 17 மில்லி. ஒரே நாளில் காரத்தன்மையை 1 டி.கே.எச்.சுக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

இரண்டு பாட்டிலையும் ஒன்றாகக் கலந்தால் அங்கேயே வெள்ளையாகத் திரிந்து வண்டலாகிவிடும். ஒன்றை ஊற்றி அரை மணி நேரம் கழித்து மற்றதை, தண்ணீர் வேகமாக ஓடும் இடத்தில் ஊற்றுங்கள். தொட்டியில் மக்னீசியம் குறைந்திருந்தாலும் இப்படி வீணாகப் படியும். இந்த முறையில் உப்பும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் என்பதால் உப்பு அளவைப் பார்த்துத் தண்ணீர் மாற்றுவதை நிறுத்தக்கூடாது.

நம் போர் தண்ணீரில் கலக்க வேண்டாம். ஏற்கெனவே கடினநீர், அதில் என்னென்ன இருக்கிறதென்று கணக்கு வைக்க முடியாது. வீட்டு ஆர்.ஓ. மெஷினிலும் ருசிக்காக டி.டி.எஸ். கூட்டும் வால்வு இருக்கலாம். மீட்டர் வைத்துப் பூஜ்யத்தை ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது வழி, சுண்ணாம்புத் தெளிநீர். தூய கால்சியம் ஹைட்ராக்சைடு லிட்டருக்கு ஒன்றரை கிராம்தான் கரையும். கலக்கி, மூடி, தெளிய விட்டு, மேல் தெளிவை மட்டும் ஆவியான தண்ணீருக்குப் பதிலாக இரவில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இதில் இரண்டு பக்க வரவும் ஒரே பாட்டிலில் வந்துவிடும். 100 லிட்டர் தொட்டிக்கு ஒரு லிட்டர் தெளிநீர் சுமார் 1.1 டி.கே.எச். கொடுக்கும். மொத்தமாக ஊற்றினால் பி.எச். எகிறி உயிர்கள் சாகும். வெற்றிலைச் சுண்ணாம்பும் வெள்ளையடிக்கும் சுண்ணாம்பும் இதற்கு வேண்டாம்.

ஒன்றை மட்டும் பெற்றோர் தயவுசெய்து மனத்தில் வையுங்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கருவிழி வெந்துவிடும். வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிதுக்கி விளையாடிப் பார்வை கெட்ட குழந்தைகள் நம் நாட்டில் உண்டு. கலக்கும்போது கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். தெளிநீரைக் குடிதண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள், பார்க்கப் பச்சைத் தண்ணீர் மாதிரியே இருக்கும். பெயர் எழுதி, எட்டாத உயரத்தில், பூட்டி வையுங்கள். கண்ணில் பட்டுவிட்டால் அந்த நிமிடமே இமையைத் திறந்து பிடித்து, குழாய்த் தண்ணீரில் அரை மணி நேரம் கழுவ வேண்டும். அதன் பிறகு ஆஸ்பத்திரி. முதலில் ஆட்டோ தேடாதீர்கள்.

கடைசியாக, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, காரத்தன்மை, கால்சியம், உப்பு, ஊற்றிய அளவு என்று ஐந்து பத்தி போதும். இரண்டு மாதம் எழுதினால் தொட்டிக்கு என்ன வேண்டும் என்று நோட்டே சொல்லும். அளக்காத நாளில் ஊற்றவும் வேண்டாம். பிள்ளைகளிடமே அந்த நோட்டைக் கொடுங்கள். கணக்கும் வரும், கடலும் புரியும்.