இரத்தப் புற்றுநோயும் நமது ஜமாஅத்தின் கடமையும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

 

சற்று முன்னர் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டபோது, பைத்துல்மால் தலைப்பில் ‘மருத்துவ உதவி’ என்று ஒரு வரி வந்தது. அந்த வரிக்குள் இரத்தப் புற்றுநோயாளிகளும் இருக்கிறார்கள். பெயர்களைச் செயலாளர் வாசிக்கவில்லை, வாசிக்கவும் கூடாது. ஆனால் அவர்களுள் ஒருவர் தமது நோயின் பெயரை உடன்பிறந்த அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. வீட்டில் மணமுடிக்க வேண்டிய பெண்மக்கள் இருவர் இருக்கிறார்கள். ‘அந்த வீட்டில் அந்த நோய்’ என்று ஊரில் பேச்சு எழுந்தால், சம்பந்தம் பேச வருவோர் வாசலோடு திரும்பிவிடுவார்கள் என்று அஞ்சுகிறார். அவருடைய அச்சத்தை நான் குறை கூறமாட்டேன். அந்த அச்சத்திற்கு இடம் கொடுத்திருப்பவர்கள் நாம்தாம்.

ஆகவே முதலில் இதனைச் சொல்லிவிடுகிறேன். இரத்தப் புற்றுநோய் தொற்றுநோய் அன்று. ஒரே தட்டில் உண்பதாலோ, ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுவதாலோ பரவாது. தாய் தந்தையரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கும் குடும்ப நோயாக அது வருவதும் மிக அரிது. நோயாளியின் மகளை மணமுடிக்கத் தயங்குவதற்கு மருத்துவத்திலும் ஆதாரம் இல்லை, மார்க்கத்திலும் இல்லை.

இந்நோய் எங்கே தோன்றுகிறது? எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையை நம் வயல்களின் நாற்றங்கால் என்று எண்ணிக்கொள்ளுங்கள். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு ஆகிய மூவகை நாற்றும் அங்கேதான் முளைக்கின்றன. ஏதோ ஒரு வித்து தாறுமாறாகப் பெருகி, களைபோல் நாற்றங்காலை அடைத்துக்கொண்டால் நல்ல நாற்றுக்கு இடமிராது. சிவப்பணு குறைவதால் சோகையும் மூச்சிரைப்பும் வரும். நல்ல வெள்ளையணு குறைவதால் காய்ச்சல் விடாது. தட்டணு குறைவதால் ஈறில் இரத்தம் கசியும், தோலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். கழுத்திலும் அக்குளிலும் வலியில்லாத நெறிகட்டு, இடது விலாவின் கீழ் மண்ணீரல் வீக்கம், முதியோருக்குத் தீராத முதுகெலும்பு வலி என்று வகைக்கு ஒரு முகம் உண்டு. சில நாட்களில் முற்றும் வகையும் உண்டு. ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி இருக்கும் வகையும் உண்டு.

நமது டெல்டாப் பகுதியில் ஓர் இடர்ப்பாடு இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெங்கும் எலிக்காய்ச்சலும் வருவதால், எந்தக் காய்ச்சலையும் ‘பருவக் காய்ச்சல்’ என்று தள்ளிவிடுகிறோம். இரண்டு வாரம் கடந்தும் காய்ச்சல் நீடித்தால், அல்லது காய்ச்சலோடு உடல் வெளுத்தால், இரத்தப் புள்ளிகள் தெரிந்தால், முழு இரத்த அணுக் கணக்கும், கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைத் தேய்த்துப் பார்க்கும் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். அதிகச் செலவில்லாத பரிசோதனைகள் அவை. இரத்த வங்கியில் பணியாற்றியவன் என்ற முறையில் மற்றொன்றும் சொல்கிறேன். காரணம் தெரியாத காய்ச்சலுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். குழந்தைகளுக்கு வரும் ஒருவகை இரத்தப் புற்றுநோய் அந்த மருந்தில் சில நாட்கள் பதுங்கிவிடும். பிள்ளை தெளிந்துவிட்டது என்று வீட்டார் மகிழ்வார்கள்; நோய் பின்னர் வெளிப்படும்போது அதனைக் கண்டறிவதும் வகைபிரிப்பதும் கடினமாகிவிடும்.

பூச்சிமருந்தால் வருகிறதா என்று விவசாயிகள் கேட்கிறார்கள். லிண்டேன் என்ற பூச்சிக்கொல்லி நிணநீர்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் அறிவித்தது. இந்தியாவில் அது தடைசெய்யப்பட்டுவிட்டது. மற்ற மருந்துகளைத் தெளிக்கும்போதும் வாயையும் மூக்கையும் மூடிக்கொள்வதும், அந்த உடையோடு வீட்டுக்குள் புகாதிருப்பதும் நல்லது. எனினும் ஒரு தனி நோயாளியைக் காட்டி ‘இதனால்தான் வந்தது’ என்று பெரும்பாலும் சொல்ல முடியாது. ‘என்ன பாவம் செய்தாரோ’ என்று திண்ணையில் பேசுவதை மட்டும் அடியோடு விட்டுவிட வேண்டும்.

அன்பர்களே! இந்நோய் என்றாலே முடிவு என்று கருதும் காலம் மாறிவிட்டது. அதற்கு நம் சென்னையோடு தொடர்புடைய ஒரு வரலாற்றைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன்.

நாள்பட்ட மைலாய்டு வகை என்று ஒன்று உண்டு. நடுவயதினரை அதிகம் பிடிக்கும். முன்பெல்லாம் அது வந்தவர் சில ஆண்டுகளே வாழ்வார். 2001 மே மாதத்தில் இமாட்டினிப் என்ற மாத்திரைக்கு அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. நாளொன்றுக்கு ஒரு வேளை, உணவோடும் நிறையத் தண்ணீரோடும் விழுங்க வேண்டிய மாத்திரை. மொட்டையடிக்க வைக்கும் மருந்தன்று. அதனை உட்கொண்டவர்களைத் தொடர்ந்து கவனித்த பன்னாட்டு ஆய்வு ஒன்றில், பத்தாண்டுகளுக்குப் பின்னும் நூற்றுக்கு 83 பேர் உயிரோடிருந்தனர்.

ஆனால் விலை? நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மருந்து மாதத்திற்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய். அதே மருந்தை இந்திய நிறுவனங்கள் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குள் தயாரித்து விற்றன. நோவார்ட்டிஸ் 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்திருந்தது. மும்பையைச் சேர்ந்த புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம் போன்றவை எதிர்த்து நின்றன. 2006 ஜனவரியில் அவ்விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பழைய மருந்தின் வடிவத்தைச் சிறிது மாற்றிவிட்டுப் புதிய காப்புரிமை கேட்பதைத் தடுக்கும் சட்டப் பிரிவையே எதிர்த்து அந்நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் சென்றது. 2007 ஆகஸ்ட் 6 அன்று அவ்வழக்கு தள்ளுபடியாயிற்று. இறுதியில் உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று காப்புரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. அந்நிறுவனம் தகுதியுள்ள நோயாளிகளுக்கு இலவசமாகவும் மருந்து வழங்கிவந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எனினும் ஒருவருடைய தயவில் கிடைப்பதும், கடையில் விலை கொடுத்து வாங்க முடிவதும் ஒன்றாகா. 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலிலும் இமாட்டினிப் இடம்பெற்றது.

மருந்து கைக்கெட்டியது. பிறகு ஒரு புதிய சிக்கல் முளைத்தது. மாத்திரை உண்டவர் நலமாகிவிடுகிறார். வயலுக்குப் போகிறார், கடையைத் திறக்கிறார். ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று நிறுத்திவிடுகிறார். மாதத்தில் மூன்று நாளுக்கு மேல் மாத்திரை தவறினாலே பலன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது என்று 2010இல் வெளிவந்த இலண்டன் ஆய்வொன்று காட்டியது. இந்தத் தளர்ச்சிக்கு மருந்து மருத்துவரிடம் இல்லை. துணையாக இருப்பவர்களிடம் இருக்கிறது. இதனை உணர்ந்துதான் மேக்ஸ் அறக்கட்டளையின் விஜி வெங்கடேஷ் அம்மையார், நோயாளிகளும் குடும்பத்தாரும் ஒன்றுகூடும் ‘மேக்ஸ் நண்பர்கள்’ என்ற அமைப்பை இந்தியாவில் வளர்த்தார். பக்க விளைவுகளைப் பற்றியும், வேலைக்குத் திரும்புவதைப் பற்றியும், திருமணத்தைப் பற்றியும் அங்கே ஒருவர்க்கொருவர் பேசிக்கொள்கிறார்கள். நண்பர்களைத் தேநீருக்கு அழைத்து, தேநீர்க் காசைச் சிகிச்சைக்குத் திரட்டும் ஏற்பாடும் அவர்களிடம் உண்டு. நமது ஊரில் தேநீருக்குப் பஞ்சமா என்ன!

ரமளானில் மாத்திரையை என்ன செய்வது என்று இந்நோயாளிகள் கேட்பதுண்டு. நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பதை இமாம் ஹஜ்ரத் அவர்கள் பலமுறை எடுத்துரைத்துள்ளார்கள். நோன்பு வைக்க இயலுமா, மாத்திரையை இஃப்தாருக்குப் பின் மாற்றலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டுச் செய்ய வேண்டும். தாமாக நிறுத்துவது கூடவே கூடாது.

குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீடிக்கும். பெரும்பாலான குழந்தைகள் குணமடையக்கூடிய நோயாக அது இன்று ஆகிவிட்டது. அச்சிகிச்சையில் இன்றும் பயன்படும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தின் பிறப்பில், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவுக்குப் பெரும் பங்குண்டு. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, புற்றுநோய்க்குத் தம் தங்கையைப் பறிகொடுத்த துயரால் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைப் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கினார். வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடைபெறுகிறது. தொலைவில் இல்லை, நம் மாநிலத்திலேயே வழி இருக்கிறது.

இனி, ஜமாஅத் என்ன செய்யலாம்?

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இரத்தம். தமிழகத்தில் இரத்ததானத்திற்கு முஸ்லிம்கள் பெயர் பெற்றவர்கள். ஆனால் நமது முறையில் ஒரு குறை உண்டு. மீலாது நாளிலோ சுதந்திர நாளிலோ ஒரே முகாமில் அத்தனை இளைஞர்களும் கொடுத்துவிடுகிறோம். சிவப்பணுக்களைக் குளிரில் ஒரு மாதத்திற்கு மேல் வைத்திருக்கலாம். தட்டணுவோ ஐந்தே நாள்தான் தாங்கும். கீமோ சிகிச்சையில் இருப்பவருக்கு இரண்டு மூன்று நாளுக்கொரு முறைகூடத் தட்டணு தேவைப்படலாம். முகாமில் கொடுத்த ஆண்கள் மூன்று மாதமும், பெண்கள் நான்கு மாதமும் மீண்டும் இரத்தம் கொடுக்க இயலாது. ஆறாவது நாள் நோயாளியின் மனைவி தொலைபேசியோடு அலையும்போது ஊரில் ஆளில்லை. இளைஞர்களில் கணிசமானோர் வளைகுடாவிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் இருக்கும் நிலையில் இது பெரும் சங்கடம்.

‘வீட்டு ஆட்களே கொடுக்கட்டுமே’ என்பார்கள். மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தேவைப்படலாம் என்ற நிலையில் உள்ள நோயாளிக்கு, இரத்த உறவினரின் இரத்தத்தைச் செலுத்துவதை மருத்துவர்கள் தவிர்ப்பார்கள். அண்ணன், தம்பி கொடுக்கக்கூடாத இடத்தில் அடுத்த தெருக்காரர் கொடுக்க வேண்டும். ஆகவே ஒருநாள் முகாமை விட்டு, தெருவாரியாகப் பிரித்து, மாதம் ஒரு தெரு என்று முறை வைத்துக்கொள்வோம். ரமளானில் இரத்த வங்கிகளில் இருப்புக் குறையாமல் இருக்க, இஃப்தாருக்குப் பிறகு செல்லவும் சிலர் முன்வர வேண்டும். இயந்திரத்தின் வழியாகத் தட்டணுவை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை உடலுக்கே திருப்பிவிடும் முறையும் உண்டு. ஐந்தாறு பேர் கொடுக்கும் அளவை ஒருவரே கொடுத்துவிடலாம்.

மஜ்ஜை தானத்தைக் கேட்டதும் முதுகுத்தண்டில் ஊசி என்று பயப்படுகிறார்கள். அப்படியன்று. பெரும்பாலும் ஐந்து நாள் ஊசி போட்டு, பின் கை நரம்பு வழியாகச் சில மணி நேரத்தில் குருத்தணுக்களைப் பிரித்தெடுக்கிறார்கள். உடன்பிறந்தார் ஒருவரின் திசு முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒரு பங்குதான். பொருந்தாதவர்கள் அந்நியரிடம் தேட வேண்டும். ஒரே இனவழியினரிடம்தான் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். சென்னையில் 2009இல் தொடங்கப்பட்ட தாத்ரி பதிவகத்தில் 18 முதல் 50 வயது வரையுள்ளவர்கள், கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவிக் கொடுத்துப் பதிவு செய்துகொள்ளலாம்.

பண விஷயத்தில் ஜகாத் பெறத் தகுதியுடையோரில் ஏழைகளோடு கடனில் மூழ்கியோரும் அடங்குவர். சிகிச்சைக்காக நகையையும் நிலத்தையும் அடகு வைத்தவர் வெளியில் வசதியாகத் தெரிந்தாலும் கடனாளிதான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. நோய் வந்த பிறகு வருமானச் சான்றுக்கு ஓடுவதைவிட, இப்போதே அட்டை பெற்றுக்கொள்வது நலம். சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு இரயிலில் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்வசதி வகுப்பிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. துணைக்குச் செல்லும் ஒருவருக்கு 75 சதவீதத் தள்ளுபடி. மருத்துவமனை தரும் சான்றிதழ் வேண்டும். உழவன் விரைவு வண்டியில் மாதந்தோறும் சென்னை சென்றுவரும் குடும்பத்திற்கு இது சிறிய தொகையன்று.

நலம் விசாரிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. நோயாளியைக் காண்பது நமக்கு இபாதத். ஆனால் வெள்ளையணு குறைந்திருக்கும் நாட்களில் கூட்டமாகப் போய் அமர்வது அவருக்குத் தீங்காகும். சளி, இருமல் உள்ளவர் போகவே வேண்டாம். வெட்டிய பழமும் கடைப் பலகாரமும் வேண்டாம். வாசலில் நின்று ஸலாம் சொல்லி, துஆச் செய்துவிட்டு, ‘நாளை மருத்துவமனைக்கு யார் துணை வருகிறார்கள்?’ என்று கேளுங்கள். பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுவிட ஆள் உண்டா, அறுவடைக்கு ஆள் பார்க்க வேண்டுமா என்றும் கேளுங்கள்.

நிர்வாகக் குழுவின் அனுமதியோடு ஒரு பதிவேடு திறக்கப்பட்டுள்ளது. பெயர், இரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி, தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதினால் போதும். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே பள்ளிவாசல் அலுவலகத்தில் பதியலாம். பெண்கள் மதரஸா ஆலிமாவிடம் பெயர் கொடுக்கலாம். விடுமுறையில் ஊர் வந்திருப்போர் திரும்பும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள். உதவி தேவைப்படும் நோயாளிகள் இப்பதிவேட்டில் எழுத வேண்டியதில்லை. முத்தவல்லி அவர்களிடமோ என்னிடமோ தனியாகச் சொன்னால் போதும், அது எங்களைத் தாண்டாது. முதல் மாதம் மேலத்தெருவின் முறை. வஸ்ஸலாம்.