நடுவயதுப் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கும் நூல்கள்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



எட்டு வயது தொடக்கம் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு எந்நூல்களைக் கொடுக்கலாம் என்பது பற்றிச் சில சொல்லுமாறு பணிக்கப்பட்டோம். பாலர் வகுப்புப் பிள்ளைக்குப் படமும் பாட்டும் போதும். பதினைந்து வயதினர் தமக்கு வேண்டியதைத் தாமே தேடிக்கொள்வர். இவ்விரு திறத்தாருக்கும் நடுவே நிற்கும் பிள்ளைதான் நமது கவலைக்குரியது. எழுத்துக் கூட்டி வாசிக்கும் பாடு தீர்ந்து, வாசிப்பின் சுவை தொடங்கும் பருவம் அது. நமது நாட்டிலோ அப்பருவத்தின் நட்டநடுவே ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை வந்து குந்திக்கொண்டிருக்கின்றது. கடந்தகால வினாத்தாட் கட்டு இல்லாத வீடு அருமை. கதைப் புத்தகம் உள்ள வீடு அதனினும் அருமை. பரீட்சை முடியட்டும், பிறகு வாசிக்கலாம் என்கின்றனர் பெற்றோர். பரீட்சை முடிந்த பிள்ளையோ புத்தகத்தைக் கண்டால் ஓடுகின்றது. அச்சிட்ட தாள் எதுவாயினும் அதன் அடியில் ஐந்து வினா இருக்கும் என்று அது கற்றுக்கொண்டுவிட்டது.

ஆதலால், நூல் தெரியும்போது நாம் முதலிற் பார்ப்பது ஒன்றுதான்: யாரும் ஏவாமல் பிள்ளை அடுத்த பக்கத்தைப் புரட்டுமா? தீயதை விலக்குவது நமது கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் நல்ல நூல் என்ற ஒரே காரணத்துக்காகக் கையில் திணிக்கப்படும் நூல் திறவாமலே திரும்பி வரும்.

நமது சங்கம் சைவம் வளர்க்கும் சங்கமாதலின் சமய நூலிலிருந்து தொடங்குவோம். நாவலர் பெருமான் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தபோது, சைவப் பிள்ளைகள் கையிற் கொடுக்கத் தக்க பாடநூல்கள் இருக்கவில்லை. அவரே பாலபாடங்களை எழுதினார், அச்சுக்கூடமும் நிறுவினார். 1852இற் பெரியபுராணத்தை வசனமாக்கி வெளியிட்டார். செய்யுளாகவே ஓதட்டும் என்று அவர் இருந்துவிடவில்லை. அந்த வசனமும் இன்றைய பத்து வயதுப் பிள்ளை தனித்திருந்து வாசிக்க எளிதன்று என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதற்கு வழி, வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவர் நாளுக்கு இரண்டு பக்கம் வாய்விட்டு வாசித்துக் காட்டுவதே. கண்ணுக்குக் கடினமான நடை காதுக்கு இனிதாயிருக்கும்.

எந்த நாயனாரை முதலிற் சொல்வது? கண்ணப்பரைச் சொல்லுங்கள். பன்றியைத் துரத்திக்கொண்டு காட்டில் ஓடுவதும், வாயில் நீரும் தலையிற் பூவும் கையில் இறைச்சியுமாக மலையேறுவதும் பிள்ளையை மூச்சடக்கிக் கேட்கவைக்கும். கண்ணை இடந்து அப்பும் இடம் அச்சந் தருவதே. ஆயினும் மறு கண்ணைத் தொடுமுன் இறைவனுடைய கையே வந்து தடுத்துவிடுகின்றது. பிள்ளை அதனைத் தாங்கும். சிறுத்தொண்டர் கதை அத்தகையதன்று. பெற்றோர் தம் மகனை அரிந்து கறி சமைத்த கதையைச் சீராளனின் வயதையொத்த பிள்ளைக்குச் சொன்னால், முடிவில் அவன் ஓடி வந்தாலும், கேட்ட பிள்ளை அன்றிரவு தாயின் முகத்தை வேறுவிதமாகவே பார்க்கும். சில ஆண்டுகள் பொறுத்துச் சொல்லலாம். இதனைப் பத்திக் குறைவென்று பெரியோர் கொள்ளமாட்டார்கள் என்று நம்புகின்றோம். திருநாளைப்போவார் சரித்திரம் பத்து வயதுக்கு ஏற்றது. ஆனால் பிள்ளை கேட்கும்: அவரை ஏன் கோயிலுக்குள் விடவில்லை? அதற்கு விடை சொல்வதாயின் பழங்காலத்தோடு நிறுத்திக்கொள்ள முடியாது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தையுஞ் சொல்லவேண்டி வரும். சொல்லத்தான் வேண்டும். அக்கேள்விக்கு அஞ்சி அச்சரித்திரத்தை ஒதுக்கும் சமய வகுப்பு நமக்கு வேண்டியதில்லை.

இதிகாசங்களுக்கு இராசாசியின் ‘வியாசர் விருந்து’, ‘சக்கரவர்த்தித் திருமகன்’ இரண்டுமே போதும். சின்னச் சின்ன அத்தியாயங்கள். படுக்கைக்குப் போகுமுன் ஒன்று வாசிக்கலாம். எட்டு, ஒன்பது வயதினருக்கு நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் ‘சிறுவர் செந்தமிழ்’ இருக்கின்றது. ஆடிக்கூழும் கத்தரித் தோட்டத்து வெருளியும் நமது பிள்ளைகளுக்கு விளக்கவுரை வேண்டாத பொருள்கள். கொழும்பில் வளரும் பிள்ளைக்குச் சற்று வேண்டும். 1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’ இப்போது வருவதில்லை. அதன் வேதாளக் கதைகளைக் கணக்குக் கொப்பிக்குள் மறைத்து வைத்து வாசித்த பெரியோர் இம்மண்டபத்தில் எத்தனை பேர் என்று நாம் கேட்கப்போவதில்லை. வீட்டிற் பழைய இதழ்கள் கிடந்தால் பழைய கடதாசியோடு நிறுத்துப் போடாமல் நமது வாசிகசாலைக்குத் தாருங்கள்.

இனி, சிலர் முகஞ் சுளிக்கக்கூடிய ஒரு நூல். மாட்டின் விக்கிரமசிங்க 1947இல் சிங்களத்தில் எழுதிய ‘மடோல் தூவ’ தமிழிலும் வந்துள்ளது. கொக்கலைப் பக்கத்துச் சிறுவனான உபாலியும் அவனுடைய தோழன் ஜின்னாவும் செய்யாத குறும்பில்லை. வீட்டைவிட்டு ஓடுகின்றார்கள், களப்பு நடுவிலுள்ள கண்டல் மரத் தீவொன்றிற் குடியேறுகின்றார்கள். இதைப் படித்தால் நம் பிள்ளையும் ஓடிவிடுமே என்று கேட்கலாம். அந்நூலை முழுதும் வாசித்தவர் அவ்வாறு கேளார். தீவுக்குப் போனபின் அவ்விருவரும் செய்வது காடு வெட்டுதலும் பயிரிடுதலுமே. உழைப்பு அவர்களை ஆளாக்குகின்றது. வேறொரு காரணமும் உண்டு. சிங்களச் சிறுவன் ஒருவன் எதற்குச் சிரிப்பான், எதற்கு அஞ்சுவான், தந்தைக்கு எப்படி ஒளிப்பான் என்பதை நமது பிள்ளைகள் அறிய வேறு வழி என்ன இருக்கின்றது? அவர்களும் இவர்களும் ஒரே பள்ளிக்கூடத்திற் படிப்பது அரிது. ஒரு கதைக்குள்ளேயாவது சந்திக்கட்டும்.

ஜப்பானிய நூலான ‘டோட்டோ-சான்’ மற்றொன்று. தெத்சுகோ குரோயநாகி என்னும் அம்மையார் தமது இளமையை எழுதியது. வகுப்பிற் சும்மா இராமல் யன்னலடியில் நின்று தெருப் பாட்டுக்காரரைக் கூப்பிட்டதனால் முதற் பள்ளிக்கூடத்திலிருந்து நீக்கப்பட்ட சிறுமி, பழைய புகையிரதப் பெட்டிகளை வகுப்பறையாகக் கொண்ட தொமோயே என்னும் பள்ளியிற் சேர்கின்றாள். தலைமையாசிரியர் கோபயாசி முதல் நாளே நான்கு மணி நேரம் அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கின்றார். எந்தப் பிள்ளைக்குத்தான் இது பிடிக்காது? 1945இற் குண்டு வீழ்ந்து அப்பள்ளி எரிகின்றது. எரிவதைப் பார்த்து நின்ற தலைமையாசிரியர், அடுத்து எத்தகைய பள்ளி கட்டலாம் என்று தம் மகனைக் கேட்கின்றார். ஜப்பானில் இந்நூல் வெளிவந்த ஆண்டு 1981. அவ்வாண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. நம் பிள்ளைகளுக்கு அவ்வதிகாரத்தை வாசித்துக் காட்டும்போது குரல் தடுமாறினால் தடுமாறட்டும்.

அறிவு நூல்களுள் பெரியசாமித் தூரன் பதிப்பித்த ‘குழந்தைகள் கலைக்களஞ்சியம்’ பத்துத் தொகுதிகள். புரட்டிப் பார்க்க இன்றும் இன்பந்தான். ஆயின் அது எழுதப்பட்ட காலத்திற் புளூட்டோவும் ஒரு கோள். 2006இல் அது அக்கணக்கிலிருந்து விலக்கப்பட்டதைப் பக்கத்தில் இருப்பவர் சொல்லிக் கொடுக்க வேண்டும். கடையில் இன்று கிடையாத ஈழத்து நூல்களைத் தேடுவோருக்கு, 2005இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம் பேருதவி. அதில் உள்ளவற்றைக் கைப்பேசியில் வாசிக்கலாமெனினும், இந்த வயதுப் பிள்ளைக்குத் தாளே நல்லது என்பது நமது எண்ணம்.

இத்தனையும் சொல்லியபின் நமது வாசிகசாலை அலுமாரியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கண்ணாடிக் கதவு, உள்ளே நூல்கள் ஒழுங்காக நிற்கின்றன, கதவு பூட்டியிருக்கின்றது. ஞாயிறு சமய வகுப்புக்கு வரும் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டுப் போகின்றனர். வகுப்பு முடிந்தபின் அரை மணி நேரம் அதைத் திறந்து வைப்போம். ஒரு கொப்பியிற் பெயரும் திகதியும் எழுதி, பிள்ளைக்கு ஒரு நூலாக இரண்டு கிழமைக்குக் கொடுப்போம். திருப்பித் தரும் பிள்ளையிடம் சுருக்கம் எழுதிக் கேட்க வேண்டாம். அடுத்தது எது வேண்டும் என்று மட்டும் கேட்போம்.

நூல்கள் தொலையும் என்று பெரியோர் சொல்வார்கள். தொலையத்தான் செய்யும். ஆண்டுக்குப் பத்து நூல் தொலைந்தாலும் அவற்றின் விலை இவ்விழாப் பந்தலின் ஒரு மூலைக்குங் காணாது. அலுமாரித் திறப்பு ஒன்றுதான் இருக்கின்றது. அது செயலாளரிடம் உள்ளது. இன்னொன்று வெட்டுவித்து, வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு முன் இளைஞர் பகுதியாரிடம் கொடுக்குமாறு செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்கின்றோம்.