கட்டாரிப் பரிசும் மொழிபெயர்ப்பாளர் பங்கும்

கொலை செய்தவனுக்குத் தண்டனை உண்டென்பதை யாவரும் அறிவர். கொலையைப் பற்றிக் கதை எழுதியவருக்குப் பரிசும் உண்டோ என்று வியப்பவர் நம்மிடையே இன்னும் உளர். துப்பறியும் நாவலைப் பாடப் புத்தகத்தின் நடுவே மறைத்து வைத்துப் படித்தவர் பலர். படித்ததாக வெளியில் ஒப்புக்கொண்டவர் சிலரே. இரயில் வண்டியில் ஏறும்போது வாங்கி, இறங்கும்போது இருக்கையிலேயே விட்டுச் செல்லும் பொருளாகவே அதனைக் கருதி வந்தோம். ஆயினும், அவ்வகை நாவல்களுக்கென்றே இலக்கியப் பரிசுகள் ஏற்பட்டு ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் ஆகின்றன. அப்பரிசுகளைச் சுற்றி எழுந்த ஒரு வழக்கினை இன்று நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம். அவ்வழக்கில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. நாம் டில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புத் தொழில் புரிபவர். வழக்கோ மொழிபெயர்ப்பைப் பற்றியது.

முதலில் பரிசுகளின் பிறப்பைச் சுருக்கமாகக் கூறிவிடுவோம். அமெரிக்காவில் மர்மக் கதை எழுத்தாளர்கள் 1945-இல் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். மறு ஆண்டு முதல் பரிசுகள் வழங்கத் தொடங்கினர். துப்பறியும் கதைக்கு முன்னோடி என்று போற்றப்படும் எட்கர் ஆலன் போவின் பெயரால் அவை ‘எட்கர்’ பரிசுகள் எனப்படுகின்றன. வெற்றி பெறுபவருக்கு அவருடைய சிறிய மார்பளவுச் சிலை கிடைக்கும். இங்கிலாந்தில் ஜான் கிரீஸி என்னும் நாவலாசிரியர் 1953-இல் குற்றக் கதை எழுத்தாளர் சங்கத்தைத் தோற்றுவித்தார். அச்சங்கம் 1955-இல் அளித்த முதற் பரிசை வின்ஸ்டன் கிரஹாம் என்பவர் பெற்றார். அப்பரிசுக்கு அவர்கள் இட்ட பெயர் வேடிக்கையானது: ‘குறுக்கிட்ட இரு செம்மீன்கள்’ என்று அதனைச் சொல்லிற்குச் சொல் பெயர்க்கலாம். உப்பிட்டுப் புகையூட்டிய ஒருவகைக் கருவாடு அது. அதன் நாற்றத்தால் வேட்டை நாய்களை வழி தவறச் செய்யலாம் என்று ஆங்கிலேயர் கருதியதனால், வாசகரைத் திசை திருப்ப ஆசிரியர் வேண்டுமென்றே போட்டு வைக்கும் பொய்த் துப்புக்கு அதுவே பெயராயிற்று. தமிழில் கருவாடு என்று எழுதினால் மீன் மட்டுமே நிற்கும், பொருள் ஓடிவிடும். பொய்த் துப்பு என்று எழுதினால் பொருள் நிற்கும், சிரிப்பு ஓடிவிடும். 1960 முதல் அப்பரிசு ‘தங்கக் கட்டாரி’ என்று பெயர் மாறியது. அதைத் தமிழாக்குவதில் தொல்லையில்லை!

எழுத்தாளர்கள் ஏன் தாமே தமக்குப் பரிசு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற வினா எழலாம். பொது இலக்கியப் பரிசுகளின் வாசலில் அவர்களுக்கு அழைப்பு அரிதாகவே வந்தது என்பதே விடை. பெரிய வீட்டில் இடம் கிடைக்காதவர்கள் தமக்கென வேறு வீடு கட்டிக்கொண்டனர். கட்டிய வீட்டிற்குள் யார் யாரை அனுமதிப்பது என்னும் சிக்கல் பிறகு அவர்களுக்கே வந்து சேர்ந்தது.

அமெரிக்கர் இதில் முந்திக்கொண்டனர். ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த மாய் ஷூவால், பெர் வாலூ என்னும் இருவர் சேர்ந்து எழுதிய ‘சிரிக்கும் போலீஸ்காரர்’ என்னும் நாவலுக்கு 1971-இல் சிறந்த நாவலுக்கான எட்கர் பரிசு கிடைத்தது. ஸ்டாக்ஹோம் நகரத்துப் பேருந்து ஒன்றில் பயணிகள் சுடப்பட்டுக் கிடப்பதில் தொடங்கும் கதை அது. அதனை ஆங்கிலமாக்கியவர் ஆலன் பிளேர். ஆங்கிலத்திலேயே எழுதப்பட்ட நாவல்களோடு சரிநிகராக நின்று அம்மொழிபெயர்ப்பு வென்றது.

இலண்டனில் அலை பின்னர் அடித்தது. ஆனால் வேகமாக அடித்தது. 2001-இல் தங்கக் கட்டாரியைப் பெற்றவர் ஸ்வீடன் நாட்டு ஹென்னிங் மான்கெல். 2002-இல் பெற்றவர் கியூபாவில் பிறந்து ஸ்பெயினில் வாழும் ஹோசே கார்லோஸ் சொமோசா. 2005-இல் ஐஸ்லாந்து நாட்டு ஆர்னல்டூர் இந்த்ரிதாஸன். ஐந்தே ஆண்டுகளில் மூன்று முறை பிறமொழி நாவல்கள் வென்றன.

இம்மூன்றனுள் நடுவில் நிற்கும் நூலைப் பற்றி மட்டும் சற்று விரித்துரைக்க நேயர்கள் இசைவு தர வேண்டும். ஸ்பானிய மொழியில் அதற்குக் ‘கருத்துகளின் குகை’ என்று பெயர். ஆங்கிலத்தில் ‘ஏதென்ஸ் நகரக் கொலைகள்’. பிளேட்டோவின் காலத்து ஏதென்ஸ் நகரில் இளைஞன் ஒருவன் இறந்து கிடக்கிறான். ஹெராக்ளிஸ் என்பவர் துப்பறியப் புறப்படுகிறார். இது மேலே ஓடும் கதை. பக்கத்தின் அடியிலோ, இப்பழைய கிரேக்க நூலைப் பெயர்ப்பதாகச் சொல்லும் பெயரற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அடிக்குறிப்புகள் எழுதிக்கொண்டே வருகிறார். முதலில் அவை சொற்பொருள் விளக்கங்களாகவே உள்ளன. போகப்போக அவருக்கு ஓர் ஐயம். ஐயம் வளர்ந்து அச்சமாகிறது. மூலநூல் தம்மைப் பற்றியே பேசுவதாக அவருக்குத் தோன்றுகிறது. அடிக்குறிப்புகள் நீண்டு மேலேறிக் கதையையே விழுங்கத் தொடங்குகின்றன. முடிவை நாம் சொல்ல மாட்டோம். துப்பறியும் கதையின் முடிவை வெளியிடுவது கொலையினும் கொடிய குற்றம் என்பது அவ்வீட்டின் சட்டம். மொழிபெயர்ப்பாளரே கதைமாந்தராக வரும் அந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் சோனியா சோட்டோ. ஒரு மொழிபெயர்ப்பாளர் அஞ்சி நடுங்குவதை மற்றொரு மொழிபெயர்ப்பாளர் வாக்கியம் வாக்கியமாகப் பெயர்த்துக்கொண்டு இரவில் தனியே அமர்ந்திருந்திருப்பாரே என்று எண்ணும்போது, அத்தொழிலில் இருக்கும் நமக்கு மயிர்க்கூச்செறிகிறது.

2005-ஆம் ஆண்டு வெற்றிக்குப் பின் விதி மாறியது. 2006 முதல் தலைமைப் பரிசு ஆங்கிலத்திலேயே எழுதப்பட்ட நாவல்களுக்கு மட்டும் என்றாயிற்று. மொழிபெயர்ப்பு நாவல்களுக்குத் தனியே ‘சர்வதேசக் கட்டாரி’ ஏற்படுத்தப்பட்டது. அவ்வாண்டு ஒரு வங்கியின் ஆதரவால் தலைமைப் பரிசின் தொகை 20,000 பவுண்டாக உயர்ந்தது. சர்வதேசப் பரிசில் ஆசிரியருக்கு 5,000 பவுண்டு, மொழிபெயர்ப்பாளருக்கு 1,000 பவுண்டு.

இதனை எதிர்த்துப் பேசியோர் உண்டு. பெரிய வீட்டின் வாசலில் நிறுத்தப்பட்டதனால் தனி வீடு கட்டியவர்கள், வேற்று நாட்டு விருந்தினருக்குத் திண்ணையைக் காட்டுவது முறையோ? திண்ணையில் பாய் விரித்து, பானகமும் கொடுத்தார்கள், உண்மைதான். ஆயினும் கூடத்தில் பந்தி நடக்கிறது என்பதை வந்தவர் அறிய மாட்டாரா? ஒரு நூல் சிறந்ததா அன்றா என்று ஆராயும் நடுவர், அது எம்மொழியில் முதலில் எழுதப்பட்டது என்று ஏன் கேட்க வேண்டும்?

ஆங்கில ஆசிரியர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. வெளிநாட்டிலிருந்து பெயர்க்கப்பட்டு வரும் நூல் அந்நாட்டில் ஏற்கெனவே புகழ் பெற்றுப் பொறுக்கியெடுக்கப்பட்டதாகவே பெரும்பாலும் இருக்கும். முதல் நாவலைக் கையில் ஏந்தி நிற்கும் உள்ளூர் எழுத்தாளர் அத்தகைய பொறுக்கு மணிகளோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. தவிரவும், மொழிநடையின் சிறப்பை யார் கணக்கில் எழுதுவது, ஆசிரியர் கணக்கிலா, பெயர்த்தவர் கணக்கிலா என்பதும் நடுவருக்கு எளிய கேள்வியன்று.

நாம் இவ்விரண்டிற்கும் இடையே நெடுநாள் ஊசலாடினோம். காரணத்தை மறைப்பானேன்? முன்னொரு சமயம் சிறு நூல் ஒன்றைத் தமிழாக்கிக் கொடுத்தோம். நூல் அச்சாகி வந்தது. ஆர்வத்தோடு புரட்டினோம். அச்சிட்டவர் பெயர் இருந்தது. அட்டைப்படம் வரைந்தவர் பெயர் இருந்தது. தாளின் எடைகூட இருந்தது. நம் பெயரை எங்கும் காணோம். விசாரித்தபோது, “மொழிபெயர்ப்புத்தானே, சார்!” என்றார்கள். அரசு அறிவிப்புகளில் நம் பெயர் இராது என்பதை அறிந்தே பணிக்கு வந்தோம், அதில் குறையில்லை. அந்தத் ‘தானே’ மட்டும் இன்னும் காதில் ஒலிக்கிறது. எனவே, மொழிபெயர்ப்பாளர் பெயரையும் மேடையில் கூறி, பரிசுத் தொகையில் ஒரு பங்கும் கொடுத்தார்கள் என்று அறிந்தபோது, அது திண்ணையா கூடமா என்று பாராமல் மகிழ்ந்தோம் என்பதே உண்மை.

மற்ற நாவல்களைவிடத் துப்பறியும் நாவலில் மொழிபெயர்ப்பாளர் கையில் உள்ள பொறுப்புத் தனி. அங்கே ஒரு சொல் பிசகினால் அழகு மட்டும் குறைவதில்லை, குற்றவாளியே பிடிபட்டுவிடுகிறான்! இருளில் ஒருவர் வருகிறார், அவர் ஆணா பெண்ணா என்பதே மர்மம் என்று வைத்துக்கொள்வோம். பின்லாந்து மொழியில் அவன், அவள் என்னும் வேறுபாடு இல்லை; துருக்கி மொழியிலும் இல்லை. ஜப்பானியர் எழுவாயையே விட்டுவிட்டுப் பேசுவர். பிரெஞ்சு மொழியில் ‘அவனுடைய கத்தி’, ‘அவளுடைய கத்தி’ இரண்டும் ஒன்றே. இவற்றை ஆங்கிலமாக்குபவர் படும் பாட்டைச் சிந்தியுங்கள். தமிழிலோ வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும்: வந்தான் என்றால் ஆண், வந்தாள் என்றால் பெண். தப்ப வேண்டுமானால் ‘வந்தார்’ என்று கொலைகாரருக்கு மரியாதை கொடுக்க வேண்டும். அதனாலன்றோ நம் மர்ம நாவலாசிரியர்கள், ‘ஓர் உருவம் சுவரேறிக் குதித்தது’ என்று உருவத்தைக் கண்டுபிடித்து அஃறிணையில் ஓடவிட்டார்கள்! உறவுப் பெயர்களும் அப்படியே. ஆங்கிலத்தில் ‘அங்கிள்’ என்று ஒரே சொல்லால் சொல்லிச் செல்வார்கள். அந்தக் கிழவர் பெரியப்பாவா, சித்தப்பாவா, தாய்மாமனா என்று முடிவு செய்யாமல் தமிழில் ஒரு வரி நகராது. முடிவு செய்தாலோ, சொத்து எந்த வழியில் இறங்குகிறது, அதனால் யாருக்கு ஆதாயம் என்பது முதல் அத்தியாயத்திலேயே வெளிப்பட்டுவிடும்.

தமிழில் இவ்வகை நாவல் பிறந்ததே இத்தகைய பெயர்ப்பு வேலையால்தான். ஆரணி குப்புசாமி முதலியார் ரெயினால்ட்ஸ் முதலிய ஆங்கில ஆசிரியர்களின் கதைகளை எடுத்து, ஊரும் பேரும் உறவும் மாற்றித் தமிழ் வாசகருக்கு ஊட்டினார். வடுவூர் துரைசாமி ஐயங்காரும் அவ்வழியில் பேர் பெற்றார். திரும்பிய திசையில் சென்ற வண்டியும் ஒன்று உண்டு. 2008-இல் பிரீதம் சக்ரவர்த்தி என்னும் அம்மையார் ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் முதலியோர் கதைகளை ஆங்கிலத்தில் பெயர்க்க, அத்தொகுதி சென்னையிலிருந்து வெளிவந்தது. மாதந்தோறும் பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கிய அக்கதைகளை ஆங்கில எழுத்தில் கண்டபோது, கிராமத்து உறவினரைக் கோட்டு அணிந்த கோலத்தில் பார்த்ததுபோல் நமக்கு ஒருகணம் திகைப்பாயிருந்தது.

இலண்டனுக்குத் திரும்புவோம். புதிய பரிசு 2006-இல் முதன்முதலாகப் பிரெஞ்சு எழுத்தாளர் பிரெட் வர்காஸுக்குக் கிடைத்தது. ஆண் பெயர்போல் தோன்றும் அப்புனைபெயருக்கு உரியவர் ஒரு பெண்மணி, தொல்பொருள் ஆய்வாளர். அவர் நூலைப் பெயர்த்தவர் ஷான் ரெனால்ட்ஸ். 2007-இலும் 2009-இலும் அதே இருவர் வென்றனர். 2013-இல் மற்றொரு நூலோடு பரிசைப் பகிர்ந்துகொண்டு நான்காம் முறையும் வென்றனர். ஷான் ரெனால்ட்ஸ் யார் என்றால், பெர்னான் பிரோடலின் புகழ்பெற்ற மத்தியதரைக் கடல் வரலாற்றை ஆங்கிலமாக்கிய பேராசிரியை. 2005-இல் வென்ற ஐஸ்லாந்து நாவலைப் பெயர்த்த பெர்னார்டு ஸ்கடரோ, அந்நாட்டின் பழங்காப்பியமான எகிலின் கதையைப் பெயர்த்தவர். வரலாற்றுப் பெருநூலையும் பழங்காப்பியத்தையும் தூக்கிய கைகள், கொலைக் கதையைத் தொடுவதற்குக் கூசவில்லை.

ஆதலின் நம் தீர்ப்பு இது. பெயர்த்தவருக்குப் பங்கு கொடுத்தது சரி. அதற்காகத் தலைமைப் பரிசின் கதவைச் சாத்தியது சரியன்று. ஒன்றைக் கொடுக்க மற்றதைப் பறிக்க வேண்டிய தேவை எதுவும் இருக்கவில்லை. சொமோசாவின் நூலும் இந்த்ரிதாஸனின் நூலும் ஆங்கில நாவல்களோடு பொருதே வென்றன. அவ்வெற்றியின் சுவை தனி அறையில் கிடைக்கும் பரிசுக்கு வாராது. ஆயிரம் பவுண்டா, திறந்த கதவா என்று நம்மையே கேட்டால், பணத்தை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, கதவைத்தான் கேட்போம்.

ஜப்பானியர் இவ்விஷயத்தைத் தொடக்கத்திலேயே வேறு வகையாக நோக்கினர். எட்கர் ஆலன் போவின் பெயரை ஜப்பானிய நாவில் புரட்டி ‘எடோகாவா ராம்போ’ என்று புனைபெயர் சூடிய எழுத்தாளர் ஒருவர், 1954-இல் தம் அறுபதாம் பிறந்தநாளையொட்டி நிதி அளித்துப் பரிசு ஒன்று நிறுவினார். 1955-இல் அது துப்பறியும் கதைகளைப் பற்றிய அகராதி ஒன்றைத் தொகுத்தவருக்குச் சென்றது. 1956-இல் ஹயகாவா என்னும் பதிப்பகத்துக்குச் சென்றது. பிறநாட்டு மர்ம நாவல்களை மொழிபெயர்த்துச் சட்டைப்பை நூல்களாக வரிசையாக வெளியிட்டமைக்கு! அதற்குப் பிறகே, 1957-இல், எழுதிய நாவலுக்குப் பரிசு வந்தது. எலும்புக் காசநோயால் இளமையிலிருந்தே படுக்கையில் கிடந்த நிகி எட்சுகோ என்னும் பெண்மணி அதனைப் பெற்றார். முதலில் அகராதி, பின்பு மொழிபெயர்ப்பு, அதன்பின் நாவல் என்னும் அவ்வரிசையை எண்ணுந்தோறும் நமக்கு உவகையுண்டாகிறது.

அந்த ஜப்பானிலிருந்து வந்த நூல் ஒன்றுக்கே 2025-இல் இலண்டனின் மொழிபெயர்ப்புக் கட்டாரி கிடைத்தது. ஆசிரியர் அகிரா ஓட்டானி. பெயர்த்தவர் சாம் பெட். நூலின் பெயர் ‘பாபா யாகாவின் இரவு’. அதனைப் பாதி வரையில் படித்திருக்கிறோம். முழுதும் படித்த நேயர்கள் யாரேனும் இருப்பின், கடிதம் எழுதும்போது முடிவை மட்டும் குறிப்பிடாதிருக்குமாறு வேண்டுகிறோம்.